ஸ்கோப் ஜோசியர்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், எங்கள் வட மெய்ன் காடுகளில் கரடி உண்டு, மூஸ் மான் உண்டு, முள்ளம்பன்றி உண்டு. இவை எல்லாவற்றையும்விட எண்ணிக்கையில் அதிகமாக ஸ்கோப் ஜோசியர் என்றொரு பிராணியும் உண்டு. மற்றவற்றுக்கெல்லாம் அரசாங்கம் வேட்டைப் பருவம் குறித்து வைத்திருக்கிறது. இதற்கு மட்டும் ஏனோ குறிக்கவில்லை.

கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். ஏதாவது ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போங்கள். கடைக்காரர் போட்ட காப்பியைக் கடைக்காரரின் கோப்பையிலேயே ஊற்றிக் குடித்துக்கொண்டு, தாம் எதுவும் வாங்காமல், வாங்க வந்தவர்களை மட்டும் ஒருவர் விடாமல் வழிமறித்துக்கொண்டு, மேஜையில் முழங்கையை ஊன்றி ஒருவர் சாய்ந்திருப்பார் அல்லவா? அவரேதான். உங்கள் துப்பாக்கியைக் கேட்காமலே கையிலிருந்து வாங்கிக்கொள்வார். அதன் மேலே பூட்டியிருக்கும் ஸ்கோப்பில், அதாவது குறி பார்க்கிற குழலில், ஒரு கண்ணை வைத்து எதிர் வரிசையிலிருக்கும் முடிதிருத்தும் கடையின் பலகையைப் படிப்பார். மறு கண்ணை வைத்து இன்னொரு முறை படிப்பார். பிறகு குழலை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு “ம்ம்ம்...” என்று ஓர் இழுப்பு. பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லப் போகிற ஜோசியர்கூட இவ்வளவு இழுக்கமாட்டார்.

“என்ன வெல குடுத்தே இதுக்கு?”

நீங்கள் எந்த விலையைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். “ஐயோ பாவம். இது ஸ்கோப் இல்லப்பா, பொம்ம.”

அதன் பிறகு உதையைப் பற்றிய உபதேசம் தொடங்கும். துப்பாக்கி வெடிக்கும்போது பின்னால் உதைக்கிறதே, அந்த உதை தோளை மட்டுமா உதைக்கிறது? ஸ்கோப்பின் குடலையும் சேர்த்து உதைக்கிறது. உள்ளேயிருக்கும் கண்ணாடி கழன்றுபோகும், குறுக்குக் கோடு சாய்ந்துபோகும், நீ ஒன்றைக் குறி வைப்பாய், தோட்டா வேறொன்றைக் குறி வைக்கும். இவ்வளவும் உண்மைதான். அதுதான் இந்தப் பிராணியிடம் இருக்கிற ஆபத்து. முழுப் பொய்யராக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். முக்கால்வாசி உண்மை சொல்கிறவரிடமிருந்து யார் தப்ப முடியும்?

எங்கள் ஊர் ஜோசியரின் பெயர் டுவெயின் ஹாஸ்கெல். அவருடைய பிக்கப் வண்டியின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ஸ்கோப்புக்கு மட்டும் வெல்வெட் உறை. அந்த ஸ்கோப் ஒருமுறை வண்டியிலிருந்து கீழே விழுந்தும் குறி தவறவில்லை என்பார். இரண்டு வருடம் கழித்து அதே ஸ்கோப் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தது. போன வருடம் மலையிலிருந்து. அடுத்த வருடம் ஆகாய விமானம் என்று ஊரில் பந்தயமே கட்டியிருக்கிறோம். அவருடைய இடது புருவத்தின் மேல் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்டால் கரடி கீறியது என்பார். ஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைத்துச் சுட்டால் அதன் விளிம்பு பின்னால் வந்து இடித்து அச்சாக அப்படித்தான் கிழிக்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. அவ்வளவு அனுபவசாலி அல்லவா? வருடத்துக்கு மொத்தம் மூன்று தோட்டா சுடுகிறார்.

இந்த மனிதரின் வாயில்தான் போய் விழுந்தாள் வெர்னா மிஷோ.

வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். என் பக்கத்து வீட்டுக்காரி. குதிரையைவிட உயரமான மூஸ் மானை வேட்டையாட எங்கள் மாநிலத்தில் நினைத்தவுடன் கிளம்பிவிட முடியாது. பெயரைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள், வந்தவருக்கு அனுமதி. வெர்னா இருபத்து மூன்று வருடமாகப் பெயர் கொடுத்து வந்தாள். இந்த ஜூனில் வந்தது. அன்றைக்குப் பேருந்தை எங்கள் வாசலில் நிறுத்தி, ஹாரனைக் கையெடுக்காமல் அடித்துத் தெருவையே கூட்டினாள். இலையுதிர் காலத்தில் ஒரே வாரம், திங்கள் முதல் சனி வரை, ஒரே மூஸ். விழுந்தால் அவள் வீட்டில் வசந்தம் வரை கறி. விழாவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். அவளுக்கு இப்போதே ஐம்பத்தாறு. அறுத்துச் சுமக்க ஆள் வேண்டுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

வேட்டைக்கு ஒன்பது நாள் முன்னால், துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தில் எல்லோரும் துப்பாக்கியைச் சரிபார்க்கிற சனிக்கிழமை. வெர்னாவின் துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கிற ரகம். முதல் தோட்டா குறி அட்டையின் மூலையில். இரண்டாவது அட்டையிலேயே இல்லை. ஸ்கோப்பில் பார்த்தால் குறுக்குக் கோடு குடித்தவன்போலச் சாய்ந்து நின்றது. குலுக்கினால் உள்ளே ஏதோ உருண்டது.

டுவெயின் வந்தார், தட்டினார், காதோரம் வைத்துக் கேட்டார். “செத்துப்போச்சு, அடக்கம் பண்ணிடு.”

இதில் தப்பில்லை. செத்துத்தான் போயிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. ஜோசியர் எங்கேயாவது தோஷத்தோடு நிறுத்துவாரா? பரிகாரம் சொல்ல வேண்டாமா? புது ஸ்கோப் வாங்க நாங்கள் போன துப்பாக்கிக் கடைக்கும் கூடவே வந்துவிட்டார்.

கடைக்காரர் லீலண்ட் அதிகம் பேசாத மனிதர். வெர்னாவின் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து சின்னதாக, ஒல்லியாக, கறுப்பாக ஒரு ஸ்கோப்பை எடுத்து வைத்தார். நூற்றுத் தொண்ணூறு டாலர்.

“நாலு மடங்குதான் பெருசாக் காட்டும். கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. உள்ள அசையற சாமான் கம்மி, அதனால ஒடையறதும் கம்மி. லேசா வேற இருக்கு. நம்ம காட்டுல அறுபது கெஜம், எண்பது கெஜத்துல சுடறதுக்கு இது போதும் வெர்னா.”

டுவெயின் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

“நாலு மடங்கா? என் மூக்குக் கண்ணாடியே இதவிட நல்லாக் காட்டும்! லீலண்டு, விக்காத சரக்கையெல்லாம் இவ தலையில கட்டப் பாக்கறியா?”

“வித்துக்கிட்டுத்தான் இருக்கு டுவெயின்.”

“வெர்னா, ஒண்ணு கேக்கறேன், நெஞ்சத் தொட்டுச் சொல்லு. இருபத்து மூணு வருஷம் காத்துக் கெடந்தே. கடைசியில இந்தப் பொம்மைய நம்பியா காட்டுக்குள்ள போகப் போறே?”

பாவி மனிதர்! எங்கே தொட்டால் வலிக்கும் என்று எப்படித்தான் தெரிகிறதோ. வெர்னாவின் முகம் சுண்டிப்போனது. கைப்பையைத் திறக்கப் போனவள் மூடிவிட்டாள்.

“அப்ப நான் என்னதான் வாங்கறது?”

“ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழ எதையும் கையால தொடாத.”

“அவ்வளவு என்கிட்ட இல்ல டுவெயின்.”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்று மார்பில் தட்டிக்கொண்டு வண்டிக்குப் போய் வெல்வெட் உறையைக் கொண்டுவந்தார். இருபத்து நாலு மடங்கு, மூஸின் இமை மயிரை எண்ணலாமாம். கனமோ, உலக்கை! அதைத் தாமே மாட்டவும் மாட்டினார். ஸ்கோப் உட்கார்கிற தகட்டைத் துப்பாக்கியோடு பிடித்திருப்பவை நான்கே நான்கு பொடித் திருகாணிகள். “அந்த நாலையும் பாத்து இறுக்கினியா?” என்று லீலண்ட் கேட்டார்.

“நாப்பது வருஷமா மாட்டறேன். எனக்கே பாடமா?”

இறுக்கினேன் என்றா சொன்னார்? நாற்பது வருடம் என்றார். இந்த இனத்தின் பதில்களை நிதானமாகக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

மறுபடி மைதானம். ஸ்கோப்பின் குமிழ்களைத் திருகித் திருகிக் குறியை மையத்துக்குக் கொண்டுவந்ததும், கடைசி மூன்று தோட்டாக்களும் ஒரு பிஸ்கட் அளவு இடத்தில் விழுந்தன. டுவெயின் கைதட்டினார்.

“இன்னும் பத்துச் சுட்டுப் பாக்கட்டுமா? உதைக்குத் தாங்குதான்னு தெரியுமே” என்றாள் வெர்னா.

“மூணு தோட்டா பேசிடுச்சு. அதுக்கு மேல சுடறவன் சந்தேகப் பிராணி. தோட்டாவ மிச்சம் பிடி!”

தோள் கன்றிப்போனவளுக்கு அது தேவ வாக்காக இருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். தோட்டாப் பெட்டியை மூடிவைத்ததும் நான்தான்.

திங்கட்கிழமை விடிந்து முக்கால் மணி நேரம். மரம் வெட்டி ஒதுக்கிய வெட்டவெளியில், எழுபது கெஜத்தில், சதுப்பில் முழங்காலளவு நின்றுகொண்டு ஓர் ஆண் மூஸ் செடி மென்றுகொண்டிருந்தது. கொம்பு இரண்டும் கட்டிலகலம். வெர்னா கட்டையின் மேல் துப்பாக்கியைத் தாங்கி, மூச்சை விட்டு, நிதானமாகத்தான் சுட்டாள். என் கண்ணால் பார்த்தேன், கை நடுங்கவே இல்லை. மூஸின் முதுகுக்கு மேலே, வெகு தூரம் பின்னால், ஒரு பைன் கிளை ஒடிந்து விழுந்தது. மூஸ் எங்களைப் பார்த்தது. மென்றதை விழுங்கிவிட்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் நடந்து போனது.

மத்தியானம் வரை தேடினோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. காயமாவது படாமல் போனதே என்று நான் சொன்னேன். வெர்னா வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். இருபத்து மூன்று வருடம், ஐயா!

கடையில் டுவெயின் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். “பதட்டம்! பொம்பளைங்களுக்குப் பெரிய கொம்பப் பாத்தா கை ஆடும்.”

வெர்னா துப்பாக்கியை லீலண்டின் முன்னால் நீட்டினாள். லீலண்ட் ஸ்கோப்பைப் பிடித்து லேசாக அசைத்தார். அது ஆடிற்று, பால் பல் ஆடுகிற மாதிரி.

“ரெண்டு திருகாணி கழண்டு நிக்குது. ஒண்ணு முறிஞ்சே போச்சு. இவ்வளவு கனத்த மேல வச்சு இப்படி ஒதைச்சா பாவம் அது என்ன பண்ணும்?”

டுவெயின் கோப்பைக்குள் பார்த்தார். “இப்ப வர்ற திருகாணிங்கள்ளாம் அப்படித்தான், தரமே இல்ல” என்றார். பார்த்தீர்களா? ஸ்கோப்பில் குற்றமில்லை, மாட்டியவரிடம் குற்றமில்லை. முதலில் பெண்பிள்ளையின் கை, அப்புறம் திருகாணி.

“அந்தச் சின்னத எடு லீலண்டு” என்றாள் வெர்னா.

லீலண்ட் தகட்டைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, புதுத் திருகாணி போட்டு, கழன்று போகாதபடி அதன் மரையில் ஒரு சொட்டுப் பசை வைத்து, நான்கையும் மாற்றி மாற்றி ஒரே அளவாக இறுக்கினார். பசை இறுக ஒரு நாள் காத்திருக்கச் சொன்னார். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை அவளை மைதானத்தில் நிறுத்தி இருபது தோட்டா சுடவைத்தார். முதல் தோட்டாவும் இருபதாவதும் ஒரே கைப்பிடி இடத்தில் விழுந்த பிறகுதான் தலையசைத்தார். வெர்னாவின் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வியாழன் மழை. வெள்ளி ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை மாலை, வெளிச்சம் போக இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை என்ற நிலையில், கொம்பு சிறுத்த ஓர் இளம் ஆண் மூஸ் பாதையைக் கடந்தது. ஐம்பது கெஜம். ஒரே தோட்டா. பத்தடி நடந்து படுத்துவிட்டது. நான் கூச்சல் போட்டேன். வெர்னா அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஊரில் மூஸை எடை போட்டுப் பதிவு செய்கிற இடத்தில், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஊரே கூடும். சங்கிலியில் மூஸ் தொங்குகிறது, எண்ணை உரக்கச் சொல்கிறார்கள், கைதட்டல். கூட்டத்தின் நடுவில் யார் நிற்கிறார்?

“நான்தான் மொதல்லயே சொன்னேன்” என்று டுவெயின் ஆரம்பித்திருந்தார். “இந்த மாதிரி உதைக்கிற துப்பாக்கிக்கு லேசான ஸ்கோப்தான் சரி. நாலு மடங்கு. அதுக்கு மேல வாங்கறவன் முட்டாள்.”

வெர்னா வண்டியிலிருந்து வெல்வெட் உறையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

“இந்தா முட்டாளே, உன் சாமான்.”

சிரிப்பு எழுந்தது. சரி, இத்தோடு ஆள் ஒழிந்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். சிரித்து முடித்த கையோடு மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு, தங்கள் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று கேட்டார்கள். சுட்டவள் அங்கேதான் நின்றாள். மாட்டிக்கொடுத்த லீலண்டும் தராசுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. வெர்னா ‘அது தாங்குதான்னு சுட்டுப் பாக்கணும்’ என்பாள். லீலண்ட் ‘மொதல்ல துப்பாக்கியக் குடு, பாக்கறேன்’ என்பார். யாருக்கு வேண்டும் அந்தப் பதில்?

இவ்வளவு தூரம் டுவெயினைத் திட்டிக்கொண்டே என்னோடு வந்துவிட்டீர்கள், சந்தோஷம். லேசான ஸ்கோப், அசையாத உள்பாகம், நான்கு திருகாணி, ஒரு சொட்டுப் பசை, இருபது தோட்டா: எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். நாளைக்கே எவனோ ஒருவன் உங்கள் எதிரில் வந்து தன் ஸ்கோப் ஆடுகிறது, மலிவாக எதை வாங்கலாம் என்று முனகத்தான் போகிறான். அவன் எத்தனை வருடம் காத்திருந்தவன் என்று உங்களுக்குத் தெரியாது; அவன் துப்பாக்கியை நீங்கள் தொட்டுப் பார்த்திருக்கமாட்டீர்கள்; உங்கள் ஆயுளில் ஒரு தோட்டா சுட்டிருக்கமாட்டீர்கள். ஆனாலும் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு என்ன பதில் சொல்வதென்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களே, அது எப்படி?