சந்தேகத் தோமாவும் ஒரு சாக்குமூட்டையும்

‘இன்றைக்கு வெள்ளிக்கிழமை’ என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்கக்கூடிய மனிதர் திண்டுக்கல்லில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் காம்பவுண்டின் கடைசி வீட்டில் குடியிருந்தார். காலண்டரைக் காட்டினால், "அச்சடிச்சவன் சரியாத்தான் அடிச்சான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்பார்.

இளவயதில் சாமியார் ஆவதற்காகக் குருமடத்தில் சேர்ந்தவர். அங்கே தத்துவப் பாடம் ஆரம்பித்ததும் இவர் கேட்ட கேள்விகளில் மிரண்டுபோய், "தம்பி, நீ வீட்ல இருந்து யோசி" என்று பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். பிறகு ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றார். ஆண்டவரின் காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற அப்போஸ்தலரின் பெயரைக் காம்பவுண்டு இவருக்குச் சூட்டியது. முதுகுக்குப் பின்னால் சந்தேகத் தோமா. நேரில் தோமா சார். ஞானஸ்நானப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "நான் கைப்புள்ளையா இருந்தப்ப வச்சாங்க. பக்கத்துல இருந்து பாத்தேன்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றிருப்பார்.

எதையும் நம்பாத இந்த மனிதர் எல்லாவற்றுக்கும் பயந்தார். நாய், இடி, குக்கர் விசில், கதவுக்குப் பின்னால் மாட்டிய சட்டை. பல்லிக்குப் பயந்து மத்தியானத்திலும் கொசுவலைக்குள் உட்கார்ந்துதான் புத்தகம் படிப்பார். "பல்லி மேல விழும்னு நான் சொல்லல. விழாதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல" என்பது அவர் கட்சி. தெருமுனைக்குப் போகவும் நாய்க்காகக் குடை வேண்டும்.

குழாயடியில் அவருக்கும் ஸ்டெல்லா டீச்சருக்கும் நடக்கும் வாக்குவாதம் பிரசித்தம். டீச்சர் ஹைஸ்கூலில் சயின்ஸ் எடுப்பவர்.

"தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும். இது உண்மை. இதுலயுமா சார் சந்தேகம்?"

"கொடைக்கானல்ல வச்சுப் பாத்தீங்களா டீச்சர்?"

டீச்சர் குடத்தை இடுப்பில் வைத்தபடி யோசித்தார். "மலைமேல கொஞ்சம் கம்மியிலயே கொதிக்கும்..."

"பாத்தீங்களா! விஞ்ஞானம்ங்கிறது உண்மையைக் கட்டி வச்ச மூட்டை இல்ல. இதுவரைக்கும் பொய்யாகாம தப்பிச்சு நிக்கிற ஊகம், அவ்வளவுதான். நான் சொல்றது தப்புன்னா எதைப் பார்த்து ஒத்துக்குவேன்னு முன்னாடியே சொல்லிடறான் பாருங்க, அவன்தான் விஞ்ஞானி. அதைச் சொல்லத் தெரியாதவன் சோசியக்காரன்."

"அப்ப நான் பிள்ளைகளுக்கு எதைத்தான் சார் நடத்துறது?"

"கொடைக்கானலை நடத்துங்க."

ஒருமுறை, "இத்தனை நாளும் தண்ணி வந்துச்சுங்கிறது நாளைக்கும் வரும்ங்கிறதுக்குச் சாட்சி ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் எங்கோ குழாய் வெடித்து, வாரக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. காம்பவுண்டே அவரைக் கருநாக்குக்காரர் என்றது. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தாலே பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு கோடையில் செல்போன் வழியாகப் பயம் வந்து சேர்ந்தது. காம்பவுண்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் அழுகுரல்: "வத்தலக்குண்டுப் பக்கம் பிள்ளை பிடிக்கிறவங்க இறங்கிருக்காங்க. சாக்கோட திரியிறாங்க. பிள்ளைகளை வெளிய விடாதீங்க." குரல் நடுங்கியது. கேட்ட கையோடு ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பிவைத்தோம். தோமா சார் மட்டும், ‘இந்த அம்மா யார்? எந்த ஊர்? யாருடைய பிள்ளை?’ என்று குழுவில் கேட்டார். குழுவை நடத்திய பூட்டுக்கடை அழகர் உடனே அவரை நீக்கிவிட்டார்.

ஊர் ஊராகப் போன எங்கள் ஊர்ப் பூட்டு, பட்டப்பகலில் எங்கள் கதவிலேயே தொங்கியது. தெருவில் ஆட்டோ பிரேக் போட்டாலும் நான் ஜன்னலுக்கு ஓடினேன். என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கண்ணயர்ந்த என்னை மனைவி உலுக்கினாள். "என்னங்க, யாழினியக் காணோம்ங்க."

எழுந்தேன். தேடினேன். மாடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மூடியைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அண்டை வீட்டார் அவரவர் வீட்டுக்குள் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள். அப்போது தெருவிலிருந்து சத்தம் கேட்டது. "பிடிச்சாச்சு! ஏலே, பிடிச்சாச்சு!"

ஓடினோம். மின்கம்பத்தில் ஓர் இளைஞனைக் கட்டிவைத்திருந்தார்கள். வடக்கத்தி முகம். உதடு கிழிந்து ரத்தம். காலடியில் வாய் கட்டிய பெரிய சாக்குமூட்டை. அவன் சாக்கைக் காட்டிக் காட்டி ஒரே வார்த்தையை அலறினான். "பால்! பால்!"

"கேட்டீங்களாய்யா! பால் கேக்குறான்! உள்ள கைப்புள்ளையும் இருக்குடோய்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் ஓரடி பின்னால் போய், ஈரடி முன்னால் வந்தது. அழகர் கையில் இரும்புக் கம்பி.

பனியனும் வேட்டியுமாக, நீட்டிய குடையோடு தோமா சார் வந்து அவனுக்கு முன்னால் நின்றது அப்போதுதான்.

"அழகரு, இவருதான் தூக்குனாருன்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அந்த நிமிடம் அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது எனக்கு.

"சாக்கு வச்சிருக்கான் சார்!"

"வெங்காயக் கடைக்காரரும் வச்சிருக்காரு."

"ஒரு வார்த்தை தமிழ் வரல அவனுக்கு!"

"எனக்கே இப்ப பயத்துல வரல." உண்மைதான். குரல் கீச்சிட்டது.

"தள்ளிப் போங்க சார். இல்லேன்னா ஒங்களுக்கும் விழும்."

"விழும்னு தெரியும்" என்றார். ஒன்றைத் ‘தெரியும்’ என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். "செத்த நேரம் பொறுங்க. நீங்க நினைக்கிறது தப்புன்னா, எதைப் பார்த்தா ஒத்துக்குவீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ஸ்டெல்லா டீச்சர்தான் கூட்டத்துக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். "சாக்கைப் பிரிச்சுப் பாக்கலாம்ல?"

அத்தனை பேரில் ஒருவர்கூட அதைப் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயம். எனக்கும்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

தோமா சார் மண்டியிட்டார். முடிச்சு அவிழ நேரம் பிடித்தது. உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தார். நீளமான கருங்கூந்தல் கொத்தாக வெளியே வந்தது.

தெரு முழுக்க ஓலம். என் மனைவி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "இதுக்கு மேல என்னய்யா ஆதாரம்!" என்று அழகர் கம்பியை ஓங்கினார்.

தோமா சார் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் கம்பிக்கு அடியில் உட்கார்ந்தபடியே கண்ணை இறுக்கிக்கொண்டு, தோள்வரைக்கும் கையைத் திரும்ப உள்ளே விட்டார். அடுத்த கொத்து வந்தது. வெள்ளை வெளேர் என்ற நரைமுடி. அதற்கடுத்தது மருதாணிச் சிவப்பு.

"அழகரு... யாழினிக்கு நரை இருக்கா?"

அவர் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மலைபோல முடி. நடுவே சில எவர்சில்வர் கிண்ணங்கள், ஒரு சின்னத் தராசு.

"ஐயையோ, இவரு சவுரிக்கு முடி எடுக்கிறவருல்ல!" என்றார் ஸ்டெல்லா டீச்சர். "இந்த மாதிரி ஒருத்தர்கிட்டதான் நானே சீவுன முடியப் போட்டுக் கிண்ணம் வாங்குனேன்." அந்தப் பையனின் மொழியில் முடிக்குப் பெயர் ‘பால்’ என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அழகர் கம்பியைத் தாழ்த்தினார். எனக்கோ பயம் இரட்டித்தது. சாக்கில் இல்லை என்றால் பிள்ளை எங்கே?

"எல்லா வீட்டையும் பாத்தாச்சா?" என்று கேட்டார் தோமா சார்.

"உங்க வீட்டைப் பாத்தீங்களா சார்?" என்றார் டீச்சர்.

"நான் காலையில இருந்து உள்ளதான இருக்கேன். சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தேன். அங்க இல்ல."

"எப்புடித் தெரியும்?"

டீச்சர் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. தோமா சார் குடையைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்துத் திரும்பினார். பிறகு நாங்கள் எல்லோரும் கடைசி வீட்டுக்கு ஓடினோம்.

அவருடைய கட்டிலுக்கு அடியில், பழைய புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால், வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தாள் யாழினி. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கண்ணாமூச்சி ஆடியிருக்கிறாள். தேட வேண்டியவளை அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்; சாப்பிட்டதும் அவளும் தூங்கிப்போனாள். மேலே கொசுவலைக்குள் படித்துக்கொண்டிருந்த தத்துவப் பேராசிரியருக்குக் கீழே நடந்தது தெரியவில்லை. தூக்கியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் அவுட்டாப்பா?" என்றாள். என் மனைவி அவளை அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தப் பையனை அவிழ்த்துவிட்டார்கள். அழகர் தண்ணீர் கொண்டுவந்து, அவன் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். தெருவெல்லாம் சிதறிய முடியைப் பெண்கள் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். காற்றில் பறந்ததை அழகரே துரத்திப் பிடித்தார்.

"இவரைத் தனியா விடக் கூடாது. எல்லாத் தெருவுலயும் வாட்ஸ்அப்புல அந்தம்மா குரல் கேட்ருக்கும்" என்றார் தோமா சார். அவரும் நானும் நடுவில் அவனை வைத்து ஜங்ஷன்வரை நடந்தோம். வழியில் ஒரு நாய் குரைத்ததும் தோமா சார் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அடிவாங்கி வீங்கிய முகத்தோடு அவன்தான் நாயை விரட்டினான்.

அவனை ரயிலேற்றிவிட்டுப் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டேன். "அவன் நல்லவன்னு உங்களுக்கு முன்னாடியே தோணுச்சா சார்?"

"இல்ல" என்றார். "அந்த முடி வெளிய வந்தப்ப நானும் நம்பிட்டேன். உங்க பிள்ளைதான்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் சார் திரும்பக் கைய விட்டீங்க?"

"தெரியாது தம்பி. தெரியாதுங்கிறதுனாலதான்." உடம்பு முழுக்க உதறியது.

டீ வாங்கிவந்தேன். கப்பை அவரால் பிடிக்க முடியவில்லை, வேட்டியெல்லாம் சிந்தியது. நானே வாங்கி, ஆற்றி, குழந்தைக்குப் புகட்டுவதுபோல் மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தேன். எனக்கும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விடவில்லை.