பிஷப் அண்ணையின் கிராம்பு மணம்

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வாடகை அடுக்குமாடிக் கட்டடத்தை விட்டு யார் எப்போது போவது என்பதைத் தீர்மானித்தவர் கட்டடத்துக்காரர் அல்ல, பிஷப் அண்ணைதான்.

பெயரைக் கேட்டுக் குழம்பாதீர்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற யாழ்ப்பாணத்துச் சைவர் அவர். பிஷப் என்பது அவர் போடும் பானம். தோடம்பழம் என்கிற ஆரஞ்சில் கிராம்பைக் குத்தி, அவண் அடுப்பில் சுட்டு, சூடான போர்ட் வைனில் ஊறவைப்பது. கப்பலில் வேலை செய்த காலத்தில் பழகியதாம். விஷயம் தெரியாத ஒரு மனுசி புதுக் காரைக் கொண்டுவந்து ஆசீர்வதிக்கச் சொன்னதும், அண்ணை மறுக்காமல் ஆசீர்வதித்ததும் உண்மை.

உலகம் மறந்த பெயர்கள் இன்னும் பல அவரிடம் இருந்தன. நீகஸ் என்றால் போர்ட் வைனில் வெந்நீர், தேசிக்காய், சீனி, சாதிக்காய். ஹிப்போகிரஸ் என்றால் கறுவாவும் இஞ்சியும் போட்டுத் துணியில் வடித்த வைன். என்ன துணி என்று நான் கேட்கவில்லை. அண்ணையின் கொடியில் ஒரு பனியன் குறைந்திருந்தது.

எதைக் குடித்தாலும் முதலில் அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

"ஏன் அண்ணை?"

"சொல்லாட்டி, குடிச்சது ஆரெண்டு அதுக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"நீர் குடியும்."

பிஷப் குடித்தவர்கள் மட்டும் இரண்டு கிழமைக்குள் கட்டடத்தை விட்டுப் போனார்கள். ஏழாம் மாடி அன்ரி வெக்ஸ்போர்ட்டுக்கு. எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் பிக்கரிங்கில் சொந்த வீட்டுக்கு. பதினோராம் மாடி அங்கிள் ஒரேயடியாக மேலே. போகப்போகிறோம் என்று இவர்களில் ஒருவருக்கும் முன்பே தெரியாது. கொரிடோரில் கிராம்பு மணந்தால் பாதிச் சனம் கதவைப் பூட்டியது. என் மனைவி சுமதி என்னைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"ஓடிப்போய் ஒண்டு வாங்கிக் குடியுங்கோ. நாலு பேர் ஒரு அறைக்குள்ள எத்தினை வருசம் கிடக்கிறது?"

மூன்று வீட்டை வாங்க ஓஃபர் போட்டு மூன்றும் கைநழுவியிருந்த நேரம். போனேன். எத்தனை தரம் போனாலும் எனக்கு நீகஸ்தான் கிடைத்தது. கடைசியில் சுமதியே தோடம்பழத்தோடு போனாள். சுட்டது கருகிப்போச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார். "ஒரு கருகலும் இல்லை, நான் பார்த்தனான்" என்று வந்து கொதித்தாள்.

போன பனி மாரியில் ஒரு ஞாயிறு காலை, அந்த மணம் எங்கள் கட்டில் வரைக்கும் வந்தது. போய்ப் பார்த்தால் கதவு திறந்திருந்தது. மேசையில் இரண்டு கிளாஸ். ஒன்று வெறும் கிளாஸ், மற்றதில் ஆவி பறந்தது. அண்ணை கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"எங்கயண்ணை வெளிக்கிட்டாச்சு?"

"நான் குடிச்சிட்டன். மற்றது உமக்கு. பேரைச் சொல்லிக் குடியும்."

"இவ்வளவு நாளும் ஏன் தரேல்லை?"

"உம்மை அனுப்பிப்போட்டு நான் ஆரோட குடிக்கிறது?"

பெயரைச் சொல்லிக் குடித்தேன். மறுநாள் காலையே பிக்கரிங்கில் வீடு சரிவந்தது. சொல்ல ஓடினேன். அதே கதிரை, அதே சப்பாத்து. அண்ணையின் கை குளிர்ந்து கிடந்தது. அவண் அணைந்திருந்தது, ஆனால் அறை முழுக்க அப்போதுதான் சுட்டதுபோல் கிராம்பு மணந்தது. பிறகு அங்கேயே இருந்து அழுதேன்.

இங்கே பிக்கரிங்கில் எங்களுக்கு நாலு அறை. ஞாயிறு காலைகளில் இரண்டு கிளாஸ் நீகஸ் போட்டு, இரண்டுக்கும் நானே பெயர் சொல்கிறேன். அண்ணையின் கிளாஸ் மத்தியானத்துக்குள் பாதியாகிவிடுகிறது. சுமதி அதைத் தொடுவதில்லை.

"ஒருக்கா அந்த பிஷப்பையும் போட்டுப் பாருங்கோவன்" என்கிறாள்.

போடமாட்டேன். அண்ணையும் போய்விட்டால் நான் யாரோடு குடிப்பது?