இரண்டாவது மாடியிலிருந்து தில்லிக்கு

மயிலாப்பூரிலிருந்து தில்லிக்கு அதிகத் தடவை விமானம் ஓட்டியவர் எங்கள் பிளாட்ஸ் கேப்டன்தான். இரண்டாவது மாடியை விட்டு நகராமலே ஓட்டினார் என்பது வேறு விஷயம்.

பேங்கில் ரிட்டயர் ஆன கையோடு பெரிய கம்ப்யூட்டர் வாங்கி, விமானம் ஓட்டும் விளையாட்டை அதில் ஏற்றிக்கொண்டார். விளையாட்டு என்று அவர் காதுபடச் சொல்லிவிட முடியாது. ஓட்டுவது, கம்பெனிகள் எப்போதோ ஓரங்கட்டிவிட்ட கிழட்டுக் குட்டி ஜெட். புது விமானம் தானாகவே பறந்துவிடுமாம், அப்புறம் தனக்கு என்ன வேலை என்பார். நிஜத்தில் தில்லிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓட்டுவார். ராகு காலத்தில் கிளப்ப மாட்டார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள்தான் பயணிகள். கேப்டன் வீட்டு மாமி மோர் கொடுப்பாள். நடுவானில் வாசல் கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை கேஸ்காரர் பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு சிலிண்டரோடு திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க மாமி இண்டக்‌ஷன் அடுப்பில்தான் சமைத்தாள்.

இந்த விமானத்தில் வந்து மாட்டினார் ராயப்பேட்டை டெய்லர் பாய். கேப்டனுக்குத் தோளில் பட்டையெல்லாம் வைத்து யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தவர். அவருடைய ஒரே மகளுக்கு அடுத்த மாதம் தில்லியில் தலைப்பிரசவம். தாயில்லாத பெண். நீங்களாவது பக்கத்தில் இருங்கள் என்று அழுது விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டாள். ரயிலில் போக பாயின் முதுகு இடம் கொடுக்காது. விமானம் என்றாலோ கை கால் உதறும். வரவில்லை என்று சொல்லிவிடப் போவதாகச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உட்காருங்கோ பாய்," என்றார் கேப்டன். "ஒரு தடவை போய்ப் பார்த்துடலாம்."

நாக்பூர் நெருங்கும்போது மேகத்துக்குள் புகுந்து ஸ்கிரீன் ஆடியது. பாய் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கேப்டன், இப்டி ஓரமா நிப்பாட்டுங்க. நான் எறங்கி பஸ் புடிச்சிப் போய்க்கிறேன்."

சிரிக்கப் போன என்னைக் கேப்டன் ஒரு பார்வை பார்த்தார். மைக்கில் எங்கள் எல்லோரிடமும் வருத்தம் தெரிவித்துவிட்டு, முறைப்படி நாக்பூரில் இறக்கினார். அதன் பிறகே மாமி கதவைத் திறந்தாள். பாய் கீழே போய் டீ குடித்துவிட்டுத் தானாகவே மேலே வந்து உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு போபாலில் இறங்கினார். அதற்கடுத்த ஞாயிறு குவாலியர். அப்புறம் ஒருவழியாகத் தில்லி.

நிஜமாகவே பாய் ஊருக்குக் கிளம்பிய அன்று, அதே நேரத்துக்குக் கேப்டனும் கிளம்பினார். தில்லி வந்தும் இறக்கவில்லை. அங்கே பனிமூட்டம், பாயின் விமானம் இறங்கத் தாமதம் என்று போனில் பார்த்திருந்தார். மேலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சாதம் ஆறிப்போகிறது என்று மாமி சொன்னது காதிலேயே விழவில்லை. யூனிஃபார்ம் வியர்வையில் நனைந்துவிட்டது. அந்த மனுஷரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

கடைசியில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"எறங்கிட்டேன் கேப்டன்," என்றார் பாய். "நீங்க எங்க கீறீங்க?"

"உங்க தலைக்கு மேலதான் பாய். நீங்க போய்ப் பொண்ணைப் பாருங்கோ. நான் மெதுவா எறங்கிக்கறேன்."