கன்னத்தால் பேப்பர் படித்தவர்

கண்ணே இல்லாமல் பார்க்கலாமாம்! புதுச்சேரியே ஆடிப்போனது. மிஷன் வீதிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். தவளக்குப்பத்திலிருந்து வேன், சேதராப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோ. முகூர்த்த நாளில்கூட அந்த வாசலில் அவ்வளவு செருப்பு கிடந்ததில்லை.

மேடையில் 'சரும நேத்திர ஞானி' டாக்டர் புருஷோத்தமன். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பாவம். இரண்டு கன்னத்திலும் பச்சைத் தைலம் தடவுவார். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார். மடியில் அன்றைய பேப்பரை விரித்துத் தங்கம் விலையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் கடகடவென்று படிப்பார். கைதட்டல் அடங்குவதற்குள் தைலப் புட்டிகள் தீர்ந்துவிடும்.

ஆதாரம்? அதுவும் இருந்தது. ஒரு சின்னப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார்.

"சயின்ஸுங்க! ஒரு பேராசிரியை ஏழு வருஷம் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. கெளுத்தி மீனு தோலாலயே ருசி பாக்குது. மீனு தோலால ருசி பாக்கும்னா, மனுஷன் தோலால பேப்பர் பாக்க முடியாதா?"

முடியும் என்று மண்டபம் கத்தும். மீனுக்கு நாம் என்ன இளைத்தவர்களா!

அந்தப் பேராசிரியை அமுதவல்லி, கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். தன் ஆராய்ச்சிக் கட்டுரையை மொத்தம் நாலு பேர்தான் படித்தார்கள், அதில் மூன்று பேர் தேர்வாளர்கள் என்று நொந்துபோய், சாதாரண ஜனங்களுக்கும் புரியட்டும் என்று எளிய தமிழில் அந்தப் புத்தகத்தை எழுதினார். ஜனங்கள் சீந்தவில்லை. கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் தூங்கியது. ஒரு நாள் யாரோ ஒருவர் வந்து ஒரே மூச்சில் ஐம்பது பிரதி வாங்கிப் போனார். அன்று வீட்டில் பாயசம்.

வாங்கியவர் யார் என்பது, ஆய்வக உதவியாளர் அஞ்சலாட்சி அழுதபோதுதான் தெரிந்தது.

"மேடம், எங்க வூட்டுக்காரருக்குக் கண்புரை. கோரிமேடு ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க. மண்டபத்து ஞானி உங்க புத்தகத்தத் தூக்கிக் காட்டுனாராம், போவ மாட்டேன்னுட்டாரு. 'உங்க மேடமே எழுதியிருக்காங்க, தைலம் போதும்'ங்கறாரு. நேத்து படியில தடுக்கி வுழுந்து முன்பல்லு போச்சு மேடம்."

அன்று குடித்த பாயசம் யார் காசு என்று அமுதவல்லிக்கு இப்போது புரிந்தது.

அடுத்த ஞாயிறு அவர் நேராக மேடையேறித் தன் பெயரைச் சொன்னார். புருஷோத்தமனுக்கு ஒரு நொடி தைலம் வியர்த்தது. உடனே சமாளித்தார். "நம்ம ஆராய்ச்சித் தாயே வந்துட்டாங்க! கைதட்டுங்க!"

"கெளுத்திக்கு வால் வரைக்கும் ருசி தெரியும் சார்," என்றார் அமுதவல்லி. "அதனால உங்க பிடரியில தைலம் தடவி, பின்னால பேப்பரைப் பிடிக்கிறேன். படிங்க."

"பிடரியில சக்தி எறங்காதும்மா. கன்னத்துல மட்டும்தான்."

"சரி, கன்னமே இருக்கட்டும்."

புருஷோத்தமன் கண்ணைக் கட்டிக்கொண்டார். அமுதவல்லி ஒரு பேப்பரை அவர் கன்னத்தோடு அழுத்தி ஒட்டினார். தோலுக்கு இதைவிடப் பக்கத்தில் எப்படிக் கொண்டுபோவது? மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஞானி தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பேப்பரும் கூடவே வந்தது.

"மீன்... தோலில்... நரம்புகள்..." என்று, அந்தப் புத்தகத்தின் பக்கம்தான் என நினைத்து முனகினார்.

அமுதவல்லி பேப்பரை உரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். மண்டப வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு அது: 'தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு.'

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வெடித்தது.

"யாராவது கண்ணைக் கட்டிக்கிட்டு, குனியாம, மூக்கோரமா கீழ பாருங்க," என்றார் அமுதவல்லி.

முன்வரிசையில் சொல்தா இராயப்பன் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். ஆறு புட்டி வாங்கியவர். கைக்குட்டையைக் கட்டினார். "மோன் தியே, கடவுளே! என் மடி தெரியுது! வேட்டிக் கரை தெரியுது! நானும் ஞானியாயிட்டேன்!"

அவ்வளவுதான். துண்டு, துப்பட்டா, முந்தானை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். தைல நோட்டீசை மடியில் வைத்து முன்னூறு பேர் ஒரே குரலில் படித்தார்கள். "நரை, திரை, மூலம், கண்புரை எல்லாம் பறந்தோடும்!" படித்துப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நிஜமாகவே பறந்தோடியவர் ஞானிதான். கண்கட்டை அவிழ்க்கக்கூட நேரமில்லை. அப்படியே ஏழு படி இறங்கி, பந்தி மேசைகளைச் சுற்றி வளைந்து ஓடினார். ஒரு தூணில்கூட முட்டவில்லை! சமையற்கட்டு வாசலில், அமுதவல்லியோடு வந்திருந்த அஞ்சலாட்சி கரண்டியோடு நின்றாள். "எம் புருஷன் கண்ணுக்குப் பதில் சொல்லிட்டுப் போடா!" போலீஸ் வரும்வரை அவர் அசையவில்லை.

அவள் கணவர் பொக்கைவாயைப் பொத்திக்கொண்டு அமுதவல்லியிடம் வந்தார். "விட்டுப்போன தேதிய மறுபடி குடுப்பாங்களாம்மா?"

"குடுப்பாங்க. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுலயே போங்கண்ணே."

அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. இராயப்பன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "மதாம், இனிமே நீங்க என்ன சொன்னாலும் நாங்க கண்ணை மூடிக்கிட்டு நம்புறோம்."

அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, போன வாரம் அவரை நம்புனீங்க. இந்த வாரம் என்னை. ஆளை மாத்துறதுக்குப் பேரு அறிவு இல்லீங்க. நடுவுல ஒரு வாரமாச்சும் சொந்தமா யோசிச்சுப் பாருங்க!"