நூறாண்டு வாழ்க

அம்மா இறந்து நாலு மணி நேரம் ஆவதற்குள் அவளுக்கு நாற்பத்து மூன்று பிறந்தநாள் வாழ்த்துகள் வந்துவிட்டன.

ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவள் தலைமாட்டில் கிடந்த செல்போன் ஒரு தடவை சிணுங்கியது.

"அதையாவது அணைச்சு வைங்களேன்," என்றாள் மனைவி.

காற்புள்ளி கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். அம்மாவின் பொருளை அவளைக் கேட்காமல் தொட்டுப் பழக்கமில்லை.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் எழுத்தைச் சரிபார்த்துச் சரிபார்த்து, உறவுக்குள் காற்புள்ளி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். காலையில் குடும்ப குரூப்பில் முதலில் அம்மாவின் படத்தைப் போட்டார். போன வருஷம் பூங்காவில் எடுத்தது, பொக்கை வாய் நிறையச் சிரிப்பு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அம்மா இன்று காலை 5.40 மணிக்குக் காலமானார். நாளை பத்து மணிக்கு எடுக்கிறோம்' என்று எழுதினார். எழுதி அனுப்புவதற்குள் தொப்பையைக் குறைக்க ஏழு வழி, நாய்க்குட்டி குளிக்கிற வீடியோ, பதினொரு காலை வணக்கம் எல்லாம் நடுவில் வந்து விழுந்துவிட்டன. நூற்று அறுபத்தெட்டுப் பேர் இருக்கிற குரூப். படம் ஒரு கரை, சேதி மறு கரை.

படத்தை முதலில் பார்த்தது பெரிய மாமா. 'நூறாண்டு வாழ்க' என்று ஒரு பூங்கொத்தோடு போட்டார்.

அதோடு முடிந்தது. பெரிய மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தொழிற்சாலை வைத்திருந்தவர், உறவில் பாதிப்பேர் அவர் கையால் வேலைக்குப் போனவர்கள். அவர் 'வாழ்க' என்றபிறகு யார் மேலே தேடிப் பார்ப்பார்கள்? வரிசையாக வாழ்த்தினார்கள்.

காற்புள்ளி மறுபடி எழுதினார். 'இது பிறந்தநாள் அல்ல.'

உடனே ஒரு சித்தி மகள், 'அடடா, கல்யாண நாளா? வாழ்த்துகள் பெரியம்மா' என்றாள். அதற்குப் பின்னால் இருபது பேர் கல்யாண நாளுக்கு வாழ்த்தினார்கள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

இனிப் பொறுப்பதில் அர்த்தமில்லை என்று, 'பெரிய மாமா, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்' என்று போட்டார். அது அரை நிமிஷத்தில் மறைந்துபோனது. குரூப்பை நடத்துகிற மச்சான் போனில் வந்தார்.

"என்ன மாப்ளே இது? அத்தனை பேர் முன்னாடி மாமாவைத் திருத்துறே. அந்த வேலையெல்லாம் பிரஸ்ஸோட வச்சுக்கக் கூடாதா?"

"மச்சான், அம்மா செத்துட்டாங்க."

 மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயோ, எப்போ? நல்ல மனுஷி. சரி, நீ ஒண்ணு பண்ணு. மாமாகிட்ட தனியா சொல்லு. அவர் முதல்ல இரங்கல் போடட்டும். அவர் வாழ்கன்னு சொல்லியிருக்கறப்போ நாங்க எப்படி மாத்திச் சொல்றது?"

பெரிய மாமாவுக்கு மூன்று தடவை போன் போட்டார். எடுக்கவில்லை. மூன்றுக்கும் சேர்த்து, 'மகிழ்ச்சி. நலமோடு இரு' என்று எழுத்தில் ஒரு பதில் வந்தது.

வாசலில் மணி அடித்தது. ஹெல்மெட்டோடு ஓர் ஆள், கையில் கேக் பெட்டி. சித்தி மகளின் உபயம்.

"வாங்கறவங்க பெட்டியோட நிக்கற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும் சார். இல்லன்னா கணக்குல ஏறாது."

"அவங்க நிக்க மாட்டாங்க," என்றார் காற்புள்ளி.

ஆள் தலையை நீட்டி உள்ளே பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். பெட்டியைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஓசைப்படாமல் வைத்தார்.

"எத்தனை வயசுங்க?"

"எழுபத்தெட்டு."

"கஷ்டப்படாம போனாங்களா?"

அன்றைக்கு வந்த முதல் துக்க விசாரணை அதுதான். காற்புள்ளி ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் கூடவே நின்றுவிட்டு, அடுத்த பெட்டியைக் கொடுக்கப் போனார்.

காற்புள்ளி சட்டையை மாட்டிக்கொண்டார்.

"அத்தையை இப்படிப் போட்டுட்டு எங்க கிளம்புறீங்க?"

"மாமா வீட்டுக்கு. அவர் சொன்னாத்தான் அம்மா செத்ததா எடுத்துப்பாங்க."

இரண்டு பஸ் மாறி, மத்தியான வெயிலில் நடந்து போய்க் கதவைத் தட்டினார். தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தது, பிறகு இந்தத் தெருவையே மறந்திருந்தார். வழியெல்லாம் மனசுக்குள் மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு வரியைக் கண் திறந்து படிக்க முடியாதவருக்கு எதற்குப் பூங்கொத்து?

மாமாவின் மனைவி, அத்தைதான் திறந்தாள். மெலிந்திருந்தாள். கையில் மாமாவின் போன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் கதவைப் பிடித்தபடியே அழுதாள்.

"நான் பாவி. கண்ணாடி போடாம பார்த்தேன்ப்பா. சிரிச்ச முகமா இருந்தாங்க, பொறந்தநாள்னு நினைச்சு வாழ்கன்னு போட்டுட்டேன்."

"நீங்களா போட்டீங்க? மாமா எங்க?"

"மாமா போய் மூணு மாசம் ஆச்சு."

காற்புள்ளி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யாருமே எங்ககிட்ட சொல்லலையே அத்தை."

"நம்ம குரூப்லதான் போட்டேன், என் நம்பர்லேர்ந்து. யாரும் வரல. பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேர்தான் வந்து எடுத்தாங்க. மறுநாள் மனசு கேக்காம அவர் போன்லேர்ந்து காலை வணக்கம்னு போட்டுப் பார்த்தேன். எழுபது பேர் திருப்பிச் சொன்னாங்க. வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

அவருக்கு ஆத்திரம் பொங்கியது. "நூத்தி அறுபத்தெட்டுப் பேர்ல ஒரு ஜென்மம்கூடவா அத்தை அதைப் படிக்கல?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதப்பா. மாமா இயற்க்கை எய்தினார்னு நான் போட்டதுக்கு, நடுவுல அந்த 'க்' வராது அத்தைன்னு நீ ஒருத்தன் மட்டும் பதில் போட்டிருந்தியே."