களஆய்வுக்குப் போய்ப் பெண் பார்த்தேன்

நாற்பத்தாறு வயதில் கல்லூரியில் சேருகிறவர்களுக்கு அறிவைவிட ஆர்வம் அதிகம். எனக்கு ஆர்வம் மட்டும்தான் இருந்தது.

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும், பொழுது போகாமல் சேலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வேளாண் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தேன். முதல் களஆய்வு ராசிபுரம் பக்கம். மரவள்ளி (அந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு) விவசாயி ஒருவரைப் பேட்டி காண வேண்டும். "பார்க்க மரியாதையா போங்க" என்றார் ஆசிரியர். பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக் கிளம்பினேன். (மரவள்ளிக்கு அவ்வளவு மரியாதை!)

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் வீட்டு வாசலில் நின்று, "சேலத்துல இருந்து வர்றேங்க. கொஞ்சம் விசாரிக்கணும்" என்றேன். அவ்வளவுதான்.

"வாங்க, வாங்க! தனியாவா வந்தீங்க?" என்று வீட்டுக்கார அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போனார். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. 'ஆய்வுன்னா யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க' என்று பயமுறுத்திய ஆசிரியர்மேல் கோபமாக வந்தது.

"எத்தனை ஏக்கர்ங்க?"

"அஞ்சு ஏக்கராங்க" என்றார் அவர் கணவர், நிமிர்ந்து உட்கார்ந்து.

"கடன் ஏதாவது?"

"ஒத்தப் பைசா கெடையாதுங்க!"

"வீட்டு ஆளுங்க யாரெல்லாம் காட்டு வேலை செய்வீங்க?"

"ஐயோ, எம்புள்ளைய காட்டுப் பக்கமே உட்டதில்லீங்க!" என்று பதறினார் அந்த அம்மா.

குடும்ப உழைப்பு இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பெண் காபி கொண்டு வந்தாள். தலை நிமிரவே இல்லை. பாவமாக இருந்ததால் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையை வருடினேன். அவள் அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"பையன் என்ன பண்றாருங்க?"

"பெங்களூர்ல கம்பெனி வேலைங்க." (மகனைப் பற்றிக் கேட்டால் எந்தத் தாய் யோசித்துவிட்டுப் பதில் சொல்வாள்?)

"சேலத்துல இரும்புக்கடைன்னுதானே தரகர் சொன்னாரு?"

தரகரா?

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெண் பார்க்க வரவேண்டிய, மாப்பிள்ளையின் நிஜப் பெரியம்மா பழத்தட்டுடன் இறங்கினார்.

"நான்... குச்சிக்கிழங்கு விசயமா வந்தேங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். அவள் அம்மா சிரிக்கவில்லை. காலித் தட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வைத்திருந்த பஜ்ஜியில் பாதி என் வயிற்றில் இருந்தது.

"மாவு எங்கேங்க இருக்கு?" என்று சமையலறைக்குள் ஓடினேன். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் பஜ்ஜி சுட்டேன். கூடத்தில் அந்தப் பெரியம்மா, நான் கேட்ட கேள்விகளையே வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை அந்த விவசாயி வந்தார். "ஏனுங்க, உங்களுக்குச் சொன்னதுல அஞ்சு ஏக்கராவ ரெண்டரைன்னு மாத்திக்குங்க. படிப்பு விசயம் பாருங்க, பொய் சொல்லக்கூடாது."

"அப்ப கடன்?"

"அதுவும் கொஞ்சம் இருக்குதுங்க."

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இப்போது என் மகனுக்கு நாங்கள் பெண் தேடிக்கொண்டிருக்கிறோம். எந்த ஊருக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாலும் என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்: "எண்ணெய்ச் சட்டி எடுத்துக்கிட்டியா?"