மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்

"புதன். காலை எட்டு நாற்பது. மஞ்சள் சட்டைப் பையன் ஜன்னல் வழியாக இறங்கி, ஏரித் தண்ணீர்மேல் நடந்து போனான். கண்டக்டரிடம் சொல்லிக்கொள்ளவில்லை."

பேத்தி இதை உரக்கப் படித்துவிட்டு நோட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"தண்ணி மேல நடந்தது பரவாயில்லையா தாத்தா? சொல்லிக்காம போனதுதான் தப்பா?"

தராசார் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவருடைய கையெழுத்துதான். ஓர் எழுத்துகூடச் சாயாமல் நிமிர்ந்து நின்றது.

"நடந்திருப்பான்," என்றார் விறைப்பாக. "இந்தக் காலத்துப் பசங்க எதையும் செய்வாங்க."

"என்னங்க, பஸ்ல தூங்கிட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"தூங்கல. தூங்கற மாதிரி நடிச்சேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

வித்தியாசம் எந்த இடத்தில் அழிந்துபோனது என்பதுதான் அவருக்கே புரியவில்லை.

முப்பத்து நான்கு வருஷம் கடை கடையாக ஏறி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைத்த ஆய்வாளர் அவர். 'தராசு சார்' என்று தொடங்கியது நாளடைவில் தேய்ந்து 'தராசார்' ஆகி, ஓய்வுபெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் அவர் ஒரு கடைக்குள் கால் வைத்தால் முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை எழுந்து நிற்பார்கள். அது மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். கடைக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு கதை.

இப்போது வயது அறுபத்தெட்டு. ஓய்வுபெற்ற பத்து வருஷத்தில் அவருக்காக ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. வீட்டில் இல்லை, வாசகசாலையில் இல்லை, தினமும் வாசகசாலைக்குப் போகும் ஒன்பதாம் எண் பஸ்ஸில் அறவே இல்லை. இது அவரை உள்ளுக்குள் ரொம்பவே வாட்டியது. வெளியில் மட்டும் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டார்.

"பெரியவங்க நிக்கறதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கிறானுங்க. தூங்கறானுங்களாம்! எல்லாம் நடிப்பு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியாது."

இதைத் தினமும் காலையில் ஒரு தடவையும் மாலையில் இரண்டு தடவையும் கேட்டு அலுத்துப்போன பேத்தி போன வாரம் ஒரு பந்தயம் கட்டினாள்.

"ஆதாரத்தோட நிரூபிச்சிடுங்க தாத்தா. நிரூபிச்சிட்டா தினமும் அரைமணி நேரம் போனை அந்தப் பக்கம் வெச்சுட்டு நீங்க திட்டறதைக் கேக்கறேன். முடியலைன்னா, 'இந்தக் காலத்துப் பசங்க'ங்கற வார்த்தையே இந்த வீட்ல இனிமே வரக் கூடாது."

தராசார் ஆடிப்போனார். அந்த வார்த்தை இல்லாமல் காலைக் காபியை எப்படிக் குடிப்பது? இருந்தாலும் தன்மானம் விடவில்லை. போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார். மூத்தவர்களுக்குத் தனி இருக்கை வேண்டும், தூங்குவதுபோல் நடிக்கும் இளைஞர்கள்மேல் நடவடிக்கை வேண்டும். 'ஒரு வார விவரங்களுடன் திங்கட்கிழமை நேரில் வரவும்' என்று பதிலும் வந்துவிட்டது.

முதல் நாள் பஸ்ஸில் நின்றபடியே எழுதினார். வண்டி குலுங்கிய குலுக்கலில் 'அலட்சியம்' என்று எழுதியது இரண்டு நண்டுகள் சண்டை போட்டதுபோல் வந்தது.

இரண்டாம் நாள் அதற்கு ஒரு வழி செய்தார். பணிமனை வரை நடந்துபோய், காலி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தைப் பிடித்தார். அங்கே வேறொரு சங்கடம். நோட்டும் பேனாவுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் எவன் தப்பு செய்வான்? பஸ்ஸே கோயில்போல அமைதியாக இருந்தது. அவர் பேனா எழுதாமல் மக்கர் செய்தபோது மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன், "சார், என் பேனாவை வெச்சுக்கோங்க" என்று நீட்டினான். அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் தராசார் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டார்.

ஆகவே மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடி. கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்து, தூங்குவதுபோல் நடித்தபடி கவனிப்பது. எதிரியின் ஆயுதத்தையே எடுத்துக்கொண்டதில் அவருக்குப் பெருமை.

ஆனால் அந்த ஜன்னலோரம் சாதாரண இடமல்ல. பஸ் பணிமனையை விட்டு வளைந்ததும் வலப்பக்கம் ஏரி வந்துவிடும். விடிந்து வெகுநேரமாகியும் தண்ணீர்மேல் பனி எழுந்து போகாமல் படுத்திருக்கும். வெயில் கண்ணாடியில் விழுந்து கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்கும். எஞ்சின் ஒரே சுருதியில் முனகும். கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் அந்திநேரமாகிவிட, பஸ் மெல்லச் சாலையை விட்டு இறங்கி ஏரிமேல் போகத் தொடங்கியது. சக்கரம் துளியும் நனையவில்லை. மஞ்சள் சட்டைப் பையன் இறங்கிக்கொண்டான். தராசாருக்குத் தலை நிறைய முடி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போட்டிருந்த வெள்ளைச் சட்டை உடம்பில் மொடமொடத்தது. அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"தம்பி... தம்பி..."

அவ்வளவு மெல்லிய, தளர்ந்த, அன்பான குரல். அவரைத் தம்பி என்று கூப்பிடக்கூடிய வாய்களெல்லாம் ஒவ்வொன்றாக மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போதெல்லாம் சார், பெரியவரே, தாத்தா, கொஞ்சம் மோசமான நாளில் யோவ். 'தம்பி' என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொன்னால் கலைந்துவிடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பியபோது முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது. அரைத்தூக்கத்தோடு நோட்டைத் திறந்து எழுதியதுதான் ஏரிமேல் நடந்த விஷயம்.

குரலைப் பற்றி அவர் எழுதவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க," என்றாள் மனைவி.

"ஆய்வுப் பதிவேட்டுல பக்கம் கிழிக்கக் கூடாது. கிழிச்ச கடைக்காரனை எல்லாம் நான் கோர்ட்டுக்கு இழுத்திருக்கேன்."

வியாழக்கிழமை தூக்கத்தை விரட்ட ஒரு பிளாஸ்க் நிறையக் கறுப்புக் காபி. அதன் சூடு வயிற்றுக்கு இதமாக இருந்ததால் நேற்றைவிட இரண்டு நிறுத்தம் முன்னதாகவே ஏரிக்குப் போய்விட்டார். "தம்பி, காலு வலிக்குதுப்பா," என்றது குரல். பாவம், யாருக்கோ கால் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவர் மிதந்தார். ஒரு வாத்து வந்து தோளில் இரண்டு தடவை கொத்தியது. வலிக்கவில்லை. 'வியாழன். வாத்து. பயணச்சீட்டு உண்டா என்று விசாரிக்க வேண்டும்' என்று பதிவானது.

வெள்ளிக்கிழமை பேத்தி அவர் போனில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வைத்துக் கொடுத்தாள். அலாரம் அடித்தது. பஸ்ஸில் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். தராசார் மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் கும்பிட்டார்.

"சார், ஏழு தடவை அடிச்சுது. டிரைவர் ரெண்டு தடவை பிரேக் போட்டுட்டாரு. நாளைக்கு அதை மட்டும் வீட்ல வெச்சுட்டு வாங்க."

சனிக்கிழமை கண் விழித்தபோதுதான் கையும் களவுமாக ஒரு குற்றம் சிக்கியது. பின்வரிசைப் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றும் முந்தாநாளும் இறங்கும்போது அவளை இதே இடத்தில் பார்த்த நினைவு. 'பின்னால் நல்ல இருக்கை இருந்தும் வேண்டுமென்றே எழுந்துவந்து வழியை மறிப்பது. மூன்று நாள். திமிர்.' இரண்டு கோடு போட்டார். ஆறு நாள் உழைப்புக்கு உருப்படியான ஆதாரம் இது ஒன்றுதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்குப் போனார். சின்ன அறை. ஒரு மேஜை, கோப்புகள் அடுக்கிய அலமாரி, வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி. அதிகாரியோ பேத்தியைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருப்பாள், அவ்வளவுதான். அவர் உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

பத்து வருஷத்தில் முதல் தடவை! தராசாருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவள் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

நோட்டை வரி விடாமல் படித்தாள். வாத்து வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

காலைக் காபி கண்முன் வந்து நின்றது. வாய் திறக்காமல், எந்தப் பசங்களையும் திட்டாமல் குடிக்கப்போகும் ஆயுள்கால ஊமைக் காபி.

"கடைசிப் பக்கத்தைப் பாரும்மா. வழியை மறிச்ச பொண்ணு. அது கனவில்ல."

"நிக்கறது குத்தமில்லையே சார்." அவள் இன்னொரு கோப்பைத் திறந்தாள். "ஆனா அதே ஒன்பதாம் நம்பர், அதே எட்டரை மணி டிரிப் பத்தி இன்னொரு புகாரும் வந்திருக்கு. அவங்களையும் இப்பத்தான் வரச் சொல்லியிருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். தொண்ணூறு தாண்டியிருக்கும். உடம்பே ஒரு கைப்பிடி. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் ஊன்றிவந்த குடை.

தராசார் சடக்கென்று எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டதைப் பொருட்படுத்தவில்லை. "வாங்கம்மா, இப்படி உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் தலைமுறையைப் பார் என்பதுபோல் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா இருப்பா," என்று மூதாட்டி உட்கார்ந்தார். "என்னத்தைச் சொல்றது! தினமும் கண் ஆஸ்பத்திரிக்கு அந்த பஸ்லதான் போறேன். சொட்டு மருந்து போடறாங்க. பாலத்தடியில ஏறி, கடைசிக்கு முந்தின நிறுத்தத்துல இறங்கணும். ஏறினா முன்னாடியே ஒருத்தன், பாத்தும் பாக்காத மாதிரி தூங்கறான். நானும் நயமா சொல்லிப் பாத்தேன். அசையலையே! சிரிக்கறான்!"

"சிரிக்கிறானா!" தராசார் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா? இதைத்தான் நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!"

"பாவம், பின்னாடி ஒரு பொண்ணு. அவதான் தினமும் எழுந்து வந்து என்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அவ இடத்துல உக்கார வெப்பா. அவ நிப்பா. அதுவும் ஒரு பிள்ளைதானே? இவனுக்கு மட்டும் என்ன கேடு? இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியல."

அந்தக் கடைசி வரியை வேறொருவர் வாயிலிருந்து கேட்டதும் தராசாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஆனந்தத்தில் பெண்ணைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தும் விழாமல் போயிற்று.

"எழுதிக்கோம்மா," என்றார் அதிகாரியிடம். "ஒரு மாசம் அந்தப் பயல் பஸ்ல உக்காரவே கூடாது. தினமும் பாலத்தடியில காத்திருந்து, இந்த அம்மா பையை வாங்கி, கைபிடிச்சு ஏத்தி, இடம் பிடிச்சுக் கொடுத்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடணும்."

"அந்தப் பையன் ஒத்துக்கணுமே சார்."

"ஒத்துக்காம எங்க போவான்? நான் பொறுப்பு. எங்கே கையெழுத்து போடணும்?"

போட்டார். நிமிர்ந்த, சாயாத கையெழுத்து. பேத்தியின் போன் அந்தப் பக்கம் கிடக்க, தான் அரைமணி நேரம் பேசும் காட்சி அவர் மனதில் இனிமையாக விரிந்தது.

"அடையாளம் சொல்வீங்களாம்மா?" என்றாள் அதிகாரி.

"கிட்டத்துல பாத்தா சொல்லிடுவேன். இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன்." மூதாட்டி குடையை மேஜைமேல் வைத்தார். அதன் பிடி வாத்துத் தலைபோல் வளைந்து, அலகு நீட்டிக்கொண்டிருந்தது. தராசாருக்கு அந்த வாத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். தோள்பட்டை தானாக ஒருமுறை சிலிர்த்தது.

பைக்குள் கையை விட்டுத் துழாவிய மூதாட்டி, ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"தம்பி... கொஞ்சம் நகருறியாப்பா?"

அறைக்குள் பனி இறங்கியதுபோல் இருந்தது. அதே குரல். ஏரிமேல் நான்கு நாள் அவரைக் கூப்பிட்ட, யாரிடமும் சொல்லாமல் அவர் பொத்திவைத்திருந்த அதே குரல். தராசார் நகர மறந்து நின்றார்.

மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். பொக்கை வாய் மெல்லச் சிரிப்பாக விரிந்தது.

"அடடே, முழிச்சிருக்கும்போது எவ்வளவு மரியாதையான பையனா இருக்கே!"